முதல் மூன்று நாள் ஃபாயில் வேண்டாம்

போன ஆடியில் ஒரு வாரம் ராமேஸ்வரத்தில் இருந்தேன். மதுரைக்குத் திரும்பியதும் கோவிலுக்குப் போனாயா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். போனேன், 22 தீர்த்தமும் ஆடினேன். ஆனால் நான் போனது விங் ஃபாயில் கற்றுக்கொள்ள. அதைப் பற்றி அலுவலகத்தில் இரண்டு பேர், வீட்டுப் பக்கம் மூன்று பேர், தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

பார்த்திராதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கையில் காற்றடித்த இறக்கை ஒன்று, அதுதான் விங். போர்டோடு எந்தக் கம்பத்தாலும் கயிற்றாலும் அது கட்டப்பட்டிருக்காது, முழுக்க நம் இரண்டு கையில்தான் இருக்கும். காலுக்குக் கீழே ஒரு போர்டு. போர்டுக்கு அடியில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு தண்டு, அதற்கு மாஸ்ட் என்று பெயர். மாஸ்ட்டின் நுனியில், தண்ணீருக்குள், சின்ன விமானம் ஒன்றை மாட்டியதுபோல முன்னால் பெரிய இறக்கையும் பின்னால் சிறிய இறக்கையும். மாஸ்ட்டும் அந்த இறக்கைகளும் சேர்ந்ததுதான் ஃபாயில். விங் இழுக்க, போர்டு நகர, வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் ஃபாயில் நம்மை அப்படியே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். கீழே கடல் ஓடிக்கொண்டிருக்கும், நாம் அதற்கு அரை மீட்டர் மேலே போய்க்கொண்டிருப்போம்.

நீருக்குள் இறக்கை வைத்துப் படகைத் தூக்கும் யோசனை பழையது. இத்தாலிக்காரர் என்ரிகோ ஃபோர்லானினி 1906லேயே மஜோரே ஏரியில் அப்படி ஒரு படகை ஓட்டினார். தொலைபேசியின் கிரஹாம் பெல் குழுவினர் கட்டிய எச்டி-4 படகு 1919ல் கனடாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகம் போனது. கையில் பிடிக்கும் விங் அதோடு சேர்ந்து ஒரு விளையாட்டாகக் கடைக்கு வந்தது 2019 வாக்கில்தான். அதனால் இதில் பரம்பரை ஆசான்கள் என்று யாரும் கிடையாது. கற்றுத்தருகிற எல்லோருமே சில ஆண்டுகளுக்கு முன்னால் கற்றுக்கொண்டவர்கள்தான். இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

ராமேஸ்வரத்துக்கு முன்னால் நான் வேறொரு கரையில் வேறொரு இடத்தில் பணம் கட்டினேன். இரண்டு நாள் பயிற்சி. மணலில் அரைமணி நேரம் விங்கைப் பிடிக்கக் காட்டினார்கள். பிறகு நேராக ஃபாயில் மாட்டிய போர்டில் ஏறச் சொன்னார்கள். "விழுந்து விழுந்துதான் வரும்" என்றார்கள். ஹெல்மெட் தரவில்லை, காலுக்கு ஷூவும் இல்லை. இரண்டு நாளில் எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணவில்லை. ஒருமுறை விழுந்தபோது ஃபாயிலின் பின் இறக்கை கெண்டைக்காலைக் கிழித்தது. நான்கு தையல். அதைவிட எனக்கு வலித்தது, இரண்டு நாள் முடிந்தும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நான் ஏன் கரையை விட்டு அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரியவில்லை என்பதுதான். கற்றுத்தந்தவர்மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. விழுவதைப் படிப்பு என்று சொல்லிப் பணம் வாங்கக் கூடாது.

ஒன்றரை வருஷம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் ஆசையும் சேர்ந்தே வந்தது. அதனால்தான் ஆடியில் கிளம்பினேன்.

பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் ஏறும்போதே காற்று எப்படி என்று தெரிந்துவிடும். ஜன்னலோரத்தில் இருந்த அம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முந்தானையைத் தலையோடு சேர்த்துப் பிடித்தார்கள். 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடும். கடல்காரர்கள் நாட் கணக்கில் பேசுவார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக அந்தச் சிவப்பு விளக்கு எரிவது சுமார் 31 நாட்டில். விங் ஃபாயில் கற்கிறவருக்கு வேண்டியது 13ல் இருந்து 18 நாட் வரை, அதுவும் விட்டு விட்டு வீசாத சீரான காற்று. 10 நாட்டில் இருப்பதைவிட 20 நாட்டில் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்கு. வேகம் இரட்டித்தால் விசை நான்காகும். செல்போனில் காற்றின் எண்ணைப் பார்த்துவிட்டு "நேற்றைவிடக் கொஞ்சம் கூடத்தானே" என்று இறங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ராமேஸ்வரம் தீவின் நிலம் காற்று விளையாட்டுக்கென்றே வாய்த்ததுபோல இருக்கும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். ஒன்று அடக்கம், ஒன்று அலை. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். ஐப்பசி, கார்த்திகைக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை. கச்சான் காலத்தில் வடகரைக்குப் போனால் தண்ணீர் தாம்பாளம்போலக் கிடக்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஏமாறக் கூடாது. காற்று அங்கே நிலத்தைத் தாண்டி வந்து கடலை நோக்கி அடிக்கிறது. தவறினால் அது நம்மைக் கரைக்குக் கொண்டுவராது, உள்ளே கொண்டுபோகும். கரை மறைப்பதால்தான் அலை இல்லை என்று ராமேஸ்வரத்துப் பயிற்சியாளர் மணலில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். ஒன்றரை வருஷம் எனக்குப் புரியாமல் கிடந்தது இரண்டு நிமிஷத்தில் புரிந்தது.

அவர் அந்தத் தீவிலேயே பிறந்தவர், மீனவர் வீட்டுப் பையன். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். நான் தம்பி என்றேன், அவர் அக்கா என்றார். முதல் கேள்வியே, "நீச்சல் தெரியுமாக்கா?"

தெரியும். எங்கள் ஊர்க் கிணற்றில் அப்பா இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டுக் கற்றுக்கொண்டது.

"கெணத்து நீச்சலு வேற, கடலு வேற. நூறு மீட்டர் நீந்திக் காட்டுங்க, பாப்போம்."

நீந்திக் காட்டினேன். அதன் பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேசினார். அடுத்ததாக அவர் சொன்னதுதான் இந்தப் பதிவின் தலைப்பு. "மூணு நாளைக்கு ஃபாயில் கெடையாதுக்கா. காத்து மொதல்ல. அது வந்துருச்சுன்னா மத்தது தானா வரும்."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். லீவு ஏழே நாள், அதில் மூன்று நாளை மணலிலும் சாதாரண போர்டிலும் கழிக்க வேண்டுமா என்று தோன்றியது. இப்போது சொல்கிறேன், அந்த மூன்று நாள் இல்லாவிட்டால் மீதி நான்கு நாளும் பழைய கதைதான்.

முதல் நாள் முழுக்கக் கரையில். விங்குக்கு முன்னால் ஒரு தடித்த குழாய், நடுவே ஒரு குழாய், இரண்டிலும் கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். குழாய் கல்லுமாதிரி ஆக வேண்டும். தட்டினால் டங் என்று சத்தம் வர வேண்டும். அரைகுறையாக அடித்தால் காற்றில் மடங்கும், பிடிக்கவே முடியாது. நடுக்குழாயில் முன் கைக்கு ஒன்று, பின் கைக்கு ஒன்று என்று பிடிகள். முன் குழாயின் மேலேயும் ஒரு சின்னப் பிடி உண்டு. அந்தச் சின்னப் பிடிதான் முதல் பாடம். மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்தால் விங் கொடிமாதிரி காற்றில் மிதக்கும், இழுப்பு சுத்தமாகப் போய்விடும். பயம் வந்தால், வேகம் கூடினால், என்ன செய்வது என்று தெரியாவிட்டால், அந்தப் பிடிக்குப் போய்விட வேண்டும். கைட் சர்ஃபிங்கில் இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகள் தலைக்கு மேலே போகும். இதில் அப்படி இழுக்கிற கயிறு இல்லை. கையை விட்டால் விசை போய்விடும், விங் மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிய லீஷ் என்கிற பாதுகாப்புக் கயிற்றில் தொங்கும். நாற்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்கள் கைட்டை விட்டு இதற்கு வருவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பிறகு பின் கை. பின் கையை உள்ளே இழுத்தால் விங் காற்றைக் குடிக்கும், வெளியே விட்டால் துப்பும். இது அவர் சொன்ன வார்த்தை. "குடிக்க விடுங்கக்கா, துப்ப விடுங்க" என்று கரையில் என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டார். காற்றுக்குக் குறுக்கே நட, திரும்பு, கை மாற்று, மறுபடி குறுக்கே நட. காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். இரண்டு காதிலும் ஒரே அளவு இரைச்சல் கேட்கிறவரை தலையைத் திருப்ப வேண்டும், அப்போது மூக்கு காட்டுகிற திசைதான் காற்று வருகிற திசை. இதை இப்போது மதுரையில் மொட்டை மாடியில்கூடச் செய்து பார்க்கிறேன்.

அன்று மாலைக்குள் உள்ளங்கையில் கொப்புளம். பக்கத்தில் பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாறையிலிருந்து கடற்பாசி எடுக்கிறவர்கள். மூச்சை அடக்கி, கையாலேயே. அவர்களில் ஒரு அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, தன் விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எப்படிச் சுற்றுவது என்று காட்டினார். "இறுக்கிக் கட்டாத, தண்ணி பட்டா தானா இறுகும்." மறுநாளிலிருந்து அப்படித்தான் கட்டிக்கொண்டேன். கையுறையைவிட நன்றாகவே இருந்தது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தண்ணீரில், ஃபாயில் இல்லாமல். நின்றுகொண்டு துடுப்பு போடுவதற்கான அகலமான பெரிய போர்டு, அடியில் நடுவில் ஒரு துடுப்புபோல ஃபின் மட்டும். தென்கரையில் மணல்திட்டு ஒன்று அலையை உடைத்துவிடுகிற இடம். காற்று கரையை நோக்கிச் சாய்வாக அடிக்கும், அதனால் என்ன ஆனாலும் கடைசியில் கரையில்தான் ஒதுங்குவோம். நெஞ்சளவு ஆழம். முதலில் முட்டி போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். போர்டின் நடுவில் முட்டி, விங் தலைக்கு மேலே, பார்வை தூரத்தில். விங்கின் நுனி தண்ணீரைத் தொட்டால் முடிந்தது கதை, அது அலகை மாட்டிக்கொண்ட பறவைமாதிரி தண்ணீரில் குத்திக் கவிழும். கவிழ்ந்த விங்கை நிமிர்த்துவதுகூடத் தனிப் பாடம். முன் குழாயைப் பிடித்துக் காற்றுக்கு எதிரே கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் போதும், காற்றே அதைப் புரட்டிப் போடும். நான் ஆரம்பத்தில் தோள் வலிக்க வலிக்கக் கையால் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முட்டியிலிருந்து எழுந்து நிற்பது எல்லோரும் பயப்படுகிற இடம். போர்டை நம்பி எழுந்தால் ஆடும். விங்கை நம்பி எழ வேண்டும். அது காற்றைக் குடித்து மேலே இழுக்கிறபோது, பஸ்ஸில் மேலே தொங்கும் வளையத்தைப் பிடித்து எழுவதுபோல, உடம்பின் எடையில் கொஞ்சத்தை அதில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு காலை முன்னே வைத்து மெல்ல எழ வேண்டும். மூன்றாவது முயற்சியில் நின்றேன். நின்று ஐம்பது, அறுபது மீட்டர் போனேன். ஃபாயில் இல்லாமலே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அந்த இரண்டு நாளின் உண்மையான பாடம் நிற்பது இல்லை, திரும்பி வருவது. புதிதாகக் கற்கிற எல்லோரும் காற்று தள்ளுகிற பக்கமே போய்ச் சேருவார்கள். பிறகு போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து வர வேண்டும். காற்றுக்கு நேர் எதிரே யாராலும் போக முடியாது. சாய்வாக ஒரு ஓட்டம், திரும்பி மறு சாய்வில் ஒரு ஓட்டம் என்று நெய்துகொண்டே மேலே ஏற வேண்டும். பயிற்சியாளரின் அப்பா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் காற்றின் போக்கிலேயே இழுபட்டுப் போவதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்: "தலையத் திருப்பும்மா, போற எடத்தப் பாரு, காலப் பாக்காத!" கிளம்பிய இடத்துக்கு மேலே தெரிந்த ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, போர்டும் திரும்பியது. மூன்றாம் நாள் மதியம் கிளம்பிய இடத்துக்கே முதல்முறையாக நானாக வந்து சேர்ந்தேன். எஞ்சின் வருவதற்கு முன்னால் பாய் கட்டி மீன்பிடிக்கப் போனவர்களுக்கு இது தினசரி வேலை. அந்த ஐயாவும் சின்ன வயசில் பாய்ப்படகில் போனவர்தான். விங்கைப் பார்த்துவிட்டு, "பாய்தானே இது, மரம் இல்லாத பாய்" என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை.

நான்காம் நாள் ஃபாயில் மாட்டினோம். என் எடை 64 கிலோ. எனக்குத் தந்த போர்டு 105 லிட்டர். ஆரம்பத்தில் எடைக்கு மேலே முப்பது, நாற்பது லிட்டர் இருந்தால்தான் நிற்கும்போது மூழ்காமல் மிதக்கும். விங் 5 சதுர மீட்டர். ஃபாயிலின் முன் இறக்கை 2000 சதுர சென்டிமீட்டர், பெரியது, அதாவது குறைந்த வேகத்திலேயே தூக்கிவிடும். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் நாலைந்து சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லாத ஒரு இறக்கை ஒரு ஆளையும் போர்டையும் தூக்குகிறது. கடையில் வேகமான, ஒல்லியான இறக்கைகள் அழகாக இருக்கும். ஆரம்பத்தில் அவை வேண்டாம்.

ஆழம் பார்த்து இறங்க வேண்டும். போர்டைத் தலைகீழாக, மாஸ்ட் மேலே இருக்கும்படி தண்ணீரில் மிதக்கவிட்டு, நெஞ்சளவு வரும்வரை நடத்திக்கொண்டுபோய் அங்கே திருப்பினோம். ஷூ, ஹெல்மெட், நெஞ்சுக்குத் தடித்த ஜாக்கெட், முழங்கால் மறைக்கும் உடை எல்லாம் கட்டாயம். விழுவதற்கும் ஒரு முறை உண்டு. ஃபாயிலைவிட்டு விலகி, பக்கவாட்டில் அல்லது பின்னால், உடம்பைப் பரப்பி விழ வேண்டும். தலைகுப்புற முன்னால் பாயக் கூடாது. போர்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கக் கூடாது. தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வரும்போது ஒரு கை தலைக்கு மேலே. அந்தப் பழைய இடத்தில் இதில் ஒன்றையாவது சொல்லியிருந்தால் எனக்குத் தையல் விழுந்திருக்காது.

அன்றைக்கு ஃபாயிலோடு சும்மா ஓட்டினோம், எழும்பவில்லை. ஃபாயில் இருந்தால் போர்டு கொஞ்சம் கனமாக, கீழே வேர் பிடித்ததுபோல இருக்கும். அந்த உணர்வுக்குக் கால் பழகட்டும் என்றார். ஐந்தாம் நாள் காலையில் காற்று வரவேயில்லை. மதியம் 15 நாட். அப்போது நடந்தது.

விங்கை நன்றாகக் குடிக்கவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். போர்டுக்கு அடியில் சின்ன அலைகள் சளப் சளப் என்று அறைந்துகொண்டிருந்தன. திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று காலுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரிந்தது. உராய்வு போய்விட்டது, கையிலிருந்த இழுப்பும் லேசாகிவிட்டது, தண்ணீர் கீழே இறங்கிப் போனதுபோல இருந்தது. அந்த நிசப்தத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பயத்தில் உடம்பு பின்னால் சாய்ந்தது. பின்னால் சாய்ந்தால் ஃபாயிலின் முன் இறக்கை இன்னும் நிமிரும், இன்னும் மேலே தூக்கும். அது தண்ணீரின் மேற்பரப்பைக் கிழித்து வெளியே வந்த நொடியில் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், தூக்குவிசை அறுந்துவிடும். மாடியிலிருந்து படி இல்லாத இடத்தில் கால் வைத்ததுபோல விழுந்தேன்.

பயிற்சியாளர் படகில் பக்கத்தில் வந்தார். "முன்னங்காலுக்கா. ஏறுச்சுன்னா முன்னங்கால அழுத்துங்க. பயந்தாலும் முன்னங்காலு."

இந்த விளையாட்டு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். மேலே ஏறுகிற பொருளிலிருந்து பின்வாங்குவது உடம்பின் பிறவிக் குணம். இங்கே அதை மாற்ற வேண்டும். இடுப்பை முன்னே கொண்டுபோய், முன் காலில் எடையை வைத்து, ஏறப் பார்க்கிற போர்டை அமுக்கிப் பிடித்து, ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டும். வேகம் கூடக் கூடத் தூக்குவிசை தானே பெருகிக்கொண்டு போவதால் முன்காலின் அழுத்தமும் கூடிக்கொண்டே போக வேண்டும். அதிகம் அழுத்தினால் போர்டு தண்ணீரில் இறங்கித் தொட்டுவிட்டு மறுபடி எழும்பும். அது தப்பே இல்லை, தொட்டுத் தொட்டு ஓடுவதுதான் சரியான ஆரம்பம். ஆறாம் நாள் ஐந்தாறு நொடி. ஏழாம் நாள் ஒரே ஓட்டத்தில் நாற்பது மீட்டர் பக்கம், அதில் இரண்டு முறை தொட்டு எழுந்தது.

ஆறாம் நாள் இன்னொன்றும் நடந்தது. காலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது காற்று செத்துவிட்டது. கரை முந்நூறு மீட்டர். நீரோட்டம், அவர்கள் நீவாடு என்கிறார்கள், கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது. சொல்லித்தந்திருந்தபடி போர்டில் குப்புறப் படுத்து, விங்கை லீஷில் பின்னால் இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்புப் போட்டேன். போர்டை விட்டுவிட்டு நீந்தக் கூடாது என்பது கல்லில் வெட்டிய விதி, போர்டுதான் தோணி. முடியாவிட்டால் இரண்டு கையையும் பக்கவாட்டில் மேலே தூக்கி இறக்கிக் காட்ட வேண்டும், எந்தக் கடலிலும் அது ஆபத்துக்கான சைகை. காட்ட வேண்டிய தேவை வரவில்லை, படகு அதற்குள் வந்துவிட்டது. அன்று காலையிலேயே வலை பிரித்த ஐயா, "இன்னைக்குக் காத்து நடுவுல நிக்கும், தூரம் போகாத" என்று சொல்லியிருந்தார். என் போன் அன்று பகல் முழுக்க 14 நாட் என்று காட்டியது.

கடற்புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக் கடலடி எங்கும் புல்தான். அறுந்து மிதக்கிற புல் மாஸ்ட்டில் சுற்றிக்கொண்டால் ஃபாயில் எழும்பாது, இறங்கி உருவிவிட்டு ஓட்ட வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடற்பசு உயிர் வாழ்கிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022ல் அறிவித்தது. தென்பக்கம் 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. ஆழம் குறைந்த புல்வெளிக்கு மேலே ஃபாயிலை ஓட்டி அதன் இறக்கையால் கடலடியை உழுவது பாவம். நம் ஃபாயிலுக்கும் கேடு. எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே கூடாது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். விரித்திருக்கிற வலையைச் சுற்றிப் போங்கள். அது ஒருவருடைய அன்றைய சோறு.

செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு: சொந்தமாகப் புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும். இப்போது வாங்காதீர்கள். ஆரம்பத்துப் பெரிய போர்டும் பெரிய இறக்கையும் ஒரு வருஷத்தில் மாற வேண்டியவை. பயிற்சி இடத்துப் பொருளிலேயே ஒரு காலம் முழுக்க ஓட்டுங்கள். வயசு பற்றிக் கேட்டவர்களுக்கு: எனக்கு 43. தோளும் முட்டியும் நன்றாக இருந்து, முந்நூறு மீட்டர் நிற்காமல் நீந்த முடிந்தால் போதும். ஆடி அமாவாசை வாரத்தில் மட்டும் போகாதீர்கள், தீவில் தங்க இடம் கிடைக்காது.

நான் அடுத்த ஆனியில் மறுபடி போகிறேன், ஃபாயிலில் திரும்புகிற வித்தை இன்னும் வரவில்லை. நீங்கள் போவதாக இருந்தால், எந்தக் கரையாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். காற்று எந்தத் திசையில் அடிக்கும்போது எங்களைத் தண்ணீரில் இறக்குவீர்கள்? துணைக்குப் படகு இருக்கிறதா? முதல் சில நாள் ஃபாயில் இல்லாமல் சொல்லித்தருவீர்களா? மூன்றில் ஒன்றுக்குச் சரியான பதில் வராவிட்டாலும் அங்கே இறங்காதீர்கள், வேறு இடம் பாருங்கள்.